டென்ட் கேம்ப்பில் “இ.வி. சார்ஜிங் உண்டு” என்று போட்டிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள்

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் டென்ட் கேம்ப்புக்கு எலெக்ட்ரிக் கார் எடுத்துக்கொண்டு போக இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் போடுங்கள். “இ.வி. சார்ஜிங் உண்டு” என்று விளம்பரத்தில் போட்டு, அதற்கென்று தனியாக ஐந்நூறு ரூபாயும் வாங்கிக்கொண்டு, கடைசியில் எங்களுக்குக் கொடுத்தது இழுத்துக் கட்டிய ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ராத்திரியோடு ராத்திரியாக அது உருகிப்போனது. அதுகூடப் போகட்டும். எங்களுக்குத் தெரியாமல் அந்த பாக்ஸுக்குள் அவர்கள் செய்துவைத்திருந்த ஒரு வேலையால், காரைத் தொட்ட யாராவது செத்துப்போயிருக்கலாம். அதை நினைத்தால் இன்னமும் எனக்குப் பதறுகிறது.

கேம்ப்பின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

புக் பண்ணும் முன்பே மூன்று விஷயம் கேட்டேன். 15 ஆம்ப்ஸ் பாயிண்ட் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வந்தது: “எல்லாம் இருக்கு சார், இ.வி. வண்டி டெய்லி வந்துட்டுத்தான் இருக்கு, தாராளமா வாங்க.” அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

எதற்காக இப்படிக் கேட்டுக் கேட்டுப் போக வேண்டும் என்று பெட்ரோல் கார் ஓட்டுபவர்களுக்குத் தோன்றலாம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் ஏற்றம். ஆளும் சாமானுமாக 1,700 கிலோ இருக்கும் ஒரு கார் அவ்வளவு உயரம் ஏறுவதற்கு மட்டுமே எட்டு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். ஓடுகிற தூரத்துக்கான கணக்கு தனி. எங்கள் காரில் இருப்பது முப்பது யூனிட் பேட்டரி. கொடைக்கானல் ஊரைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர் என்று உள்ளே போகப் போக ரோடும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ராத்திரி தங்கும் இடத்தில் சார்ஜ் உறுதி என்றால்தான் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்ப முடியும். எங்களோடு அப்பாவும் வந்திருந்தார். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கூட வந்ததால்தான் இந்தப் பதிவில் பாதி விஷயம் எனக்கே தெரியவந்தது.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி இறங்கிவிட்டது. கார் நிறுத்தும் இடம் கீழே பள்ளத்தில். மின்சாரம் இருப்பது மேலே சமையல் கொட்டகையில். கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, கிரைண்டர் போடும் பாயிண்டிலிருந்து வயரை அவிழ்த்துக்கொண்டே படியிறங்கி வந்தார். பாதி தூரத்தில் அது முடிந்துவிட்டது. இன்னொரு வயரை அதோடு முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி, ஈரப் புல்லிலேயே போட்டார். மொத்தம் நாற்பது மீட்டருக்குக் குறையாது. நுனியில் இருந்த பாக்ஸின் மேல் “16 ஆம்ப்ஸ்” என்று அச்சடித்திருந்தது. பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். அதற்குள் போகும் வயரோ வீட்டில் டேபிள் ஃபேனுக்குப் போடும் மெல்லிசு வயர்.

என் சார்ஜரை மாட்டியதும் சிவப்பு விளக்கு. எர்த் இல்லை என்று அர்த்தம். காரோடு கொடுக்கும் அந்த கேபிளின் நடுவே ஒரு பெட்டி இருக்கிறதல்லவா, அது எர்த் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காருக்குள் மின்சாரம் விடும். இங்கே எர்த் வர வழியே இல்லை. வயரே இரண்டு கோர்தான், மூன்றாவது கம்பியே கிடையாது. “எர்த் இல்லன்னா வேணாம் தம்பி, காலைல டவுனுக்குப் போய் போட்டுக்குறோம்” என்று சொல்லிவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து, “அண்ணே, வேற லைன் மாத்தி விட்டாச்சு, இதுல எர்த் இருக்கு, சார்ஜ் ஏறுது பாருங்க” என்றார். போனில் காரின் ஆப்பைத் திறந்தால் ஏறிக்கொண்டுதான் இருந்தது. எர்த் இல்லாமல் அந்தப் பெட்டி மின்சாரம் விடாது என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் சொன்னதைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை.

நடு ராத்திரியில் என் மனைவிதான் என்னை எழுப்பினாள். பிளாஸ்டிக் கருகும் நாற்றம். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினால், பாக்ஸின் ஒரு பக்கம் குழைந்து உள்வாங்கியிருக்கிறது, என் பிளக் அதற்குள் பாதி புதைந்து நிற்கிறது. கையை நீட்டப் போன என்னைப் பின்னாலிருந்து அப்பா சத்தம் போட்டு நிறுத்தினார். “தொடாத! மொதல்ல மேல போய் மெயின அணை!” அணைத்துவிட்டு வந்த பிறகுதான் யாரையும் கிட்டே விட்டார்.

விடிந்ததும் ஸ்குரூ டிரைவர் வாங்கி பாக்ஸைத் திறந்தார். நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) பக்கத்து பித்தளை கறுத்துப்போய், சுற்றியிருந்த பிளாஸ்டிக் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் விரல்கடை நீளத்தில் ஒரு சிவப்பு வயர்த் துண்டு. ஒரு முனை நியூட்ரலில், மறு முனை எர்த்தில். அப்பா சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, “இத யாருப்பா போட்டது?” என்றார். “எலெக்ட்ரீசியன் அண்ணன்தான் போட்டு விட்டாரு. இ.வி. கார் வந்தா எப்பவும் இப்படித்தாங்கய்யா போடுவாரு.”

எப்பவும்.

இது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால், எர்த் இருப்பதாக சார்ஜர் ஏமாந்துவிடும். சிவப்பு விளக்கு அணைந்து சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். எர்த் கம்பி நேராகக் காரின் உடம்போடு சேர்ந்திருப்பது. எதாவது கசிந்தால் அது மண்ணுக்குப் போய்விட வேண்டும் என்பதற்காக வைத்தது. இப்போது காரின் உடம்பு மண்ணோடு சேராமல் நியூட்ரலோடு சேர்ந்து நிற்கிறது. வரும் வழியில் எங்கேயாவது நியூட்ரல் விட்டுப்போனால், மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் கதவுக் கைப்பிடி, பானெட் எல்லாவற்றிலும் 230 வோல்ட் ஏறிவிடும். கொட்டகையில் யாராவது பிளக்கில் பேஸையும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலையும் மாற்றி முடுக்கியிருந்தால், விட்டுப்போகும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், மாட்டிய அந்த நிமிஷமே ஏறிவிடும். டயர் ரப்பர் என்பதால் காருக்கு எதுவும் தெரியாது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறப்பவருக்குத்தான் தெரியும்.

டேப் சுற்றிய அந்த இணைப்பையும் அப்பா பிரித்துப் பார்த்தார். நியூட்ரல் கம்பியில் நாலைந்து இழைதான் மிச்சம், மற்றதெல்லாம் கருகி உதிர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் அதுவும் விட்டிருக்கும். பக்கத்து டென்ட்டுப் பிள்ளைகள் முந்தின சாயங்காலம் முழுக்க எங்கள் காரைச் சுற்றித்தான் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொட்டகையில், மின்சாரம் கசிந்தால் தானாக அணைத்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் கிடையாது. பழைய பீங்கான் ஃபியூஸ் கேரியர்தான், அதில் கட்டியிருந்ததும் லோடு கூடினாலும் லேசில் அறாத தடித்த கம்பி.

உரிமையாளர் பத்து மணிக்கு மேல் வந்தார். மன்னிப்பு இருக்கட்டும், ஒரு வார்த்தை வருத்தம்கூட இல்லை. “உங்க வண்டி ஓவர் லோடு இழுத்துருச்சு சார். போர்டு, வயர் எல்லாம் சேத்து நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்.” நான் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். “பாயிண்ட் இருக்குன்னுதான சார் சொன்னோம், இருக்குல்ல?” என்றார். முன்பே கட்டியிருந்த டெபாசிட்டில் கழித்துக்கொண்டு, மீதியைக் கேட்டு வண்டியை மறித்து நின்றார். அப்பா அந்தச் சிவப்பு வயரை அவர் கையில் கொடுத்து, “நூறுக்கு போன் பண்ணவா, இல்ல ஈ.பி. ஏ.ஈ.க்குப் (மின்வாரிய உதவிப் பொறியாளர்) பண்ணவா, நீங்களே சொல்லுங்க” என்ற பிறகுதான் ஒதுங்கினார். டெபாசிட் திரும்ப வரவில்லை. என் சார்ஜரின் பிளக் பின் உருகிப்போனதால் கேபிளையே மாற்ற வேண்டியதாயிற்று. வெளி மின்சாரத்தால் வந்த பழுது, வாரன்ட்டியில் வராது என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள்.

அந்த உரிமையாளர் சொன்னதில் ஒன்று மட்டும் யோசிக்க வேண்டியது. “எத்தனையோ இ.வி. சார்ஜ் போட்டுருக்கோம், ஒண்ணும் ஆனதில்ல.” அது உண்மையாகவே இருக்கலாம். பெரும்பாலும் ஸ்கூட்டராக இருந்திருக்கும். ஸ்கூட்டர் சார்ஜர்கள் 750 வாட் அளவில்தான் இழுக்கும், அதற்கு இந்த வயர் தாங்கும். கார் சார்ஜர் இழுப்பது 3,300 வாட். ஹீட்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு இழுக்குமே என்பார்கள். ஹீட்டர் இருபது நிமிஷத்தில் நின்றுவிடும். கார் ஒன்பது மணி நேரம், பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். அந்த நேரத்தைத்தான் வயர் தாங்காது.

அப்பா போட்டுக் காட்டிய கணக்கு இது. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, நாற்பது மீட்டர் போய் நாற்பது மீட்டர் திரும்பி வந்தால் அதன் தடை ஒன்றரை ஓம். அதில் 15 ஆம்ப்ஸ் ஓடினால் வழியிலேயே 23 வோல்ட் காணாமல் போகும், வயரில் மட்டும் 350 வாட் சூடு உண்டாகும். நீளமாக விரித்துப் போட்டிருந்தால் காற்றில் ஓரளவு ஆறும். சுருட்டி வைத்திருந்தால் சூடு உள்ளேயே தங்கி உறையே உருகும். இது நல்ல செம்புக்கான கணக்கு. செம்பு பூசிய அலுமினியக் கம்பி என்றால் இன்னும் மோசம். இதெல்லாம் வயர் நெடுக உண்டாகும் சூடு. லூசான இணைப்பு இருந்தால் அந்த ஒரு புள்ளியில் உண்டாகும் சூடு தனி, தீப்பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். அதனால் பாக்ஸின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்காதீர்கள். உள்ளே போகும் வயரைப் பாருங்கள், இணைப்பு எங்கே என்று பாருங்கள்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. மத்திய மின்சார ஆணையம் 2019இல் பாதுகாப்பு விதிமுறைகளில் சார்ஜிங் நிலையங்களுக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தது. கார் நிற்கும் இடம் சார்ஜிங் பாயிண்டிலிருந்து 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சாக்கெட் தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்காவது மேலே இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது, அங்கே இங்கே தூக்கிப்போகும் சாக்கெட் கூடாது. காசு வாங்கிக்கொண்டு “சார்ஜிங் உண்டு” என்று விளம்பரம் செய்பவர், இதில் ஒன்றையும் கண்டுகொள்ளாமல் புல்லில் வயரை இழுத்துவிடுகிறார்.

இனிமேல் நான் எங்கே புக் பண்ணினாலும், வாயால் சொல்லும் பதிலை ஏற்கப்போவதில்லை. கார் நிற்கும் இடமும் சாக்கெட்டும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ, மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருப்பதற்கு ஒரு போட்டோ. அனுப்பத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். சார்ஜிங் இடங்களைக் காட்டும் பிளக்‌ஷேர் மாதிரி ஆப்பில் கார் வைத்திருப்பவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள், ஸ்கூட்டர்காரர்கள் நன்றாக ஏறியது என்று எழுதியிருப்பது நமக்கு உதவாது. போன இடத்தில் முதலில் சிவப்பு விளக்கு எரிந்து, யாரோ வந்து “சரி பண்ணிட்டோம்” என்று சொல்லி அது அணைந்தால், என்ன செய்தார்கள் என்று உங்கள் கண்ணால் பார்க்காமல் காரைத் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். எர்த் இல்லாத இடத்தில் ஓடவைக்கும் பிளக் என்றே ஆன்லைனில் ஒன்று விற்கிறார்கள். உள்ளே இருப்பது இதே துண்டு வயர்தான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று யாராவது வாங்கி வைத்திருந்தால், தயவுசெய்து உடைத்துப் போடுங்கள்.

வேறு வழியே இல்லாமல் சாதாரண 15 ஆம்ப்ஸ் பாயிண்டில் போட வேண்டி வந்தால், நேராகச் சுவரில் உள்ள சாக்கெட்டில் போடுங்கள். சில கார்களில் ஆம்ப்ஸைக் குறைக்கும் வசதி உண்டு, அதைக் குறைத்து வையுங்கள். அரை மணி நேரம் கழித்து பிளக்குக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் மெயினை அணைத்துவிடுங்கள்.

அன்றைக்கு இருந்த சார்ஜில் மெதுவாக ஓட்டி, கொடைக்கானல் டவுனில் ஒரு விடுதியில் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினோம். இறக்கத்தில் பேட்டரி கொஞ்சம் ஏறிக்கொள்ளும் என்பதால் மதுரை வருவதில் சிரமம் இல்லை.

வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். வாய்ஸ் மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது, திறந்த பாக்ஸின் போட்டோ எல்லாம் கொடுத்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, 2019ஆம் ஆண்டு சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடைக்கானலுக்கு அலைய வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987இலும் அந்த இணைப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நேற்றுப் பார்த்தபோதும் அவர்கள் விளம்பரத்தில் “இ.வி. சார்ஜிங் உண்டு” அப்படியேதான் இருந்தது. மேல்மலையில் இந்த மாதம் புக் பண்ணியிருப்பவர்கள் இன்றைக்கே போன் பண்ணி அந்த இரண்டு போட்டோவையும் கேளுங்கள்.