பரந்தன் வெக்கையில அனிமோனுக்கு சிப்ரோ குடுத்த அனுபவம்

முதல்லயே சொல்லிப்போடுறன், இது சிப்ரோ எண்டு எல்லாரும் சொல்லுற சிப்ரோஃப்ளொக்சசின் குளிசையை, அதாவது பக்ரீரியாவைக் கொல்லுற ஒரு அன்ரிபயோட்டிக்கைப் பற்றின ரிவியூ, ஆனா மனுசருக்கில்லை, வீட்டில வைச்சிருக்கிற கடல்தண்ணித் தொட்டிக்கு. அஞ்சுக்கு நாலு குடுப்பன். அதுக்கு முதல் ஒன்லைன்ல வாங்கின ஒரு பவுடர் பக்கெற்றுக்கு ஒரு நட்சத்திரமும் குடுக்கேலாது.

நாங்கள் இருக்கிறது இலங்கையில, கிளிநொச்சிக்குக் கிட்ட பரந்தன் பக்கம். மூண்டடித் தொட்டி, தண்ணி ஒரு 120 லீற்றர் வரும், உள்ளுக்க ரெண்டு கிளவுன் மீன், ஒரு பபிள் ரிப் அனிமோன் (கல்லில ஒட்டிக்கொண்டு பூ மாதிரி விரியிற கடல் உயிர், கிளவுன் மீன் அதுக்குள்ளதான் தங்கும்), கொஞ்சம் கல்லு. முருகைக்கல் வைச்சிருக்கேல்லை. எங்கட கடல்ல முருகைக்கல்லை உடைச்சு எடுக்கிறது சட்டப்படி குற்றம், அதோட 1998 லயும் 2016 லயும் கடல் சூடாகி எங்கட நாட்டு முருகைக் கற்பாறையள் வெளுத்துப் போன கதை தெரிஞ்ச பிறகு ஒரு துண்டையும் அங்க இருந்து எடுக்க மனம் வராது. ஆனா அனிமோனும் முருகையும் ஒரே குடும்பம் மாதிரித்தான், ரெண்டும் உடம்புக்குள்ள பாசியை வைச்சுக்கொண்டு வெளிச்சத்தில சீவிக்கிறது, ரெண்டுக்கும் பக்ரீரியா தொத்தினா ஆக்கள் பாவிக்கிற மருந்தும் கிட்டத்தட்ட ஒண்டுதான். கனடா ஸ்காபரோவில இருக்கிற மச்சான் பெரிய முருகைத் தொட்டி வைச்சிருக்கிறார், எனக்கு இதெல்லாம் பழக்கினது அவர்தான்.

போன வருசம் சித்திரை வெக்கைக்குள்ள அனிமோனுக்கு வருத்தம் வந்தது. நல்ல அனிமோன் எண்டா விரலை வைச்சா ஒட்டும், மெல்லிசா இழுக்கும், வாய் ஒரு கீறு மாதிரி மூடியிருக்கும். இதுக்கு வாய் சட்டைப் பொத்தான் அளவுக்குத் திறந்து உள்ளுக்க இருக்கிறது வெளிய தெரிஞ்சது, காலமை ஊதும், மத்தியானம் சுருங்கி ஈரத்துணி மாதிரிக் கிடக்கும், பின்னேரம் திரும்ப ஊதும், விரலை வைச்சா ஒட்டேல்லை. மீன் ரெண்டும் அதுக்குள்ள போகாம மூலைக்க நிண்டதுகள். அதைப் பாக்கத்தான் எனக்குக் கூடக் கவலையாக் கிடந்தது.

அப்ப நான் விட்ட பிழை, அவசரத்தில ஒன்லைன்ல "கோரல், அனிமோன் எல்லா வருத்தத்துக்கும்" எண்டு போட்டிருந்த பவுடரை 2,800 ரூபாக்கு எடுத்தது. பக்கெற்றில என்ன மருந்து இருக்கு எண்டு இல்லை, எத்தனை மில்லிகிராம் எண்டு இல்லை, முடிவுத் திகதி இல்லை, "தொட்டிக்க நேரடியாப் போடவும்" எண்டு மட்டும் இருந்தது. போட்டன். அடுத்த நாள் விடிய எழும்பிப் பாத்தா தண்ணி அரிசி கழுவின தண்ணி மாதிரி, தண்ணியின்ர அழுக்கை நுரையா எடுக்கிற ஸ்கிம்மர் நுரை தள்ளி நிலமெல்லாம் ஈரம், அமோனியா ரெஸ்ற் எடுத்தா மஞ்சளா நிக்கவேண்டிய தண்ணி பச்சையா மாறிச்சு. தொட்டியில அமோனியாவைத் தின்னுற நல்ல பக்ரீரியாவும் கல்லு முழுக்க இருக்கு, மருந்து அதையும் சேத்துத்தான் அடிக்கும், அதாலதான் எந்த அன்ரிபயோட்டிக்கையும் பெரிய தொட்டிக்க போடக்கூடாது எண்டிறது. சின்ன கிளவுன் மீன் அண்டைக்கு மத்தியானம் செத்துப்போச்சுது. வித்தவருக்கு மெசேஜ் போட்டன், மருந்தின்ர பேரை மட்டும் சொல்லுங்கோ எண்டு ரெண்டு தரம் கேட்டன், பதிலே இல்லை. பேரில்லாத மருந்தை ஆர் வித்தாலும் வாங்காதேங்கோ, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.

பிறகு மச்சானுக்கு வீடியோ எடுத்து அனுப்ப, "சிப்ரோ, வேற வாளியில, ஏழு நாள்" எண்டு சொன்னவர். பார்மசிக்குப் போனா, டொக்டரின்ர துண்டு இல்லாம அன்ரிபயோட்டிக் தரமாட்டம் எண்டிட்டினம். அந்த நேரம் எரிச்சலா இருந்தாலும் அது சரியான வேலைதான், எங்கட ஆக்களுக்கு சலத்தில கிருமி வந்தா இதே குளிசையைக் குடுக்கிறது, முந்தி நெருப்புக்காய்ச்சலுக்கும் (ரைபொயிட்) இதைத்தான் குடுத்தது, நெருப்புக்காய்ச்சல் கிருமி இப்ப இந்தப் பக்க நாடுகளில சிப்ரோவுக்குக் கன நேரம் அடங்கிறேல்லை எண்டு டொக்டர்மாரே சொல்லுறது. மிருக வைத்தியரிட்டப் போனன். மாடு ஆடு பாக்கிறவர், அனிமோன் எண்டா என்ன எண்டு வடிவா விசாரிச்சு, போனில படம் பாத்து, வாளியில எத்தனை லீற்றர், மிச்சத் தண்ணியை எங்க ஊத்தப்போறாய் தம்பி எண்டு கேட்டு, 250 மில்லிகிராம் குளிசை ஏழு எண்ணி எழுதித் தந்தவர். அந்த மனுசனுக்கு நன்றி சொல்லாம இந்த ரிவியூவை எழுதேலாது.

செய்த முறை இதுதான். 40 லீற்றர் பிடிக்கிற வெள்ளை வாளி, காத்துப் பம்பும் குழாயும் மட்டும், பில்ரர் இல்லை. குளிசையை ரெண்டு கரண்டிக்கு நடுவில வைச்சு நுணுக்கி, ஒரு கிளாஸ் தொட்டித் தண்ணியில கரைச்சு, மேல் பூச்சின்ர தோல் மிதக்கும் அதை அரிச்சுப்போட்டு ஊத்திறது. ஒரு நாளைக்கு ஒரு 250 குளிசை, கிட்டத்தட்ட 40 லீற்றருக்கு. சிப்ரோ வெளிச்சத்தில உடைஞ்சு போற மருந்து, அதால பொழுதுபட்டாப் பிறகு போட்டு வாளியை இருட்டில வைக்கோணும், காலமை போட்டா பாதி மருந்து வெளிச்சத்துக்கே போயிடும். அடுத்த நாள் பின்னேரம் தண்ணியை முழுக்க மாத்தி திரும்பப் புதுசா மருந்து. அனிமோனைக் கல்லோட சேத்துத்தான் தூக்கினனான், கல்லைப் பிடிச்சிருக்கிற அதின்ர காலைக் கிழிச்சா அதாலயே செத்துப்போகும்.

கஷ்டம் மருந்தில இல்லை, தண்ணியில. ஏழு நாளைக்கு 280 லீற்றர் கடல்தண்ணி. ஏ35 றோட்டால முல்லைத்தீவுக்குப் போய்த்தான் கான்ல நிரப்பிறனான், அதுவும் வெளிக்கடல் கரையில, நாயாறு மாதிரிக் களப்பு வாய்ப்பக்கம் எடுத்தா உப்புக் குறைஞ்ச தண்ணிதான் வரும், மாரியில இன்னும் மோசம். உப்பு அளவு (தண்ணியின்ர ஒப்படர்த்தி) 1.025 இல நிக்குதா எண்டு ஒவ்வொரு கானையும் அளந்துதான் ஊத்தினனான். வெக்கையில ஆவியாப் போறதுக்கு ஆர்ஓ தண்ணிதான் விடுறது, எங்கட கிணத்துத் தண்ணி கேத்திலில வெள்ளையாப் படிஞ்சு கிடக்கும், அதைத் தொட்டிக்க விடேலாது. குளிசைக்குப் போனது சின்னக் காசு, ஓட்டோவுக்குப் போனதுதான் கணக்கு. நடுவில ரெண்டு தரம் கரண்ட் போச்சு, பற்றரிப் பம்ப் இருந்தபடியாத் தப்பினது.

மூண்டாம் நாள் வரைக்கும் ஒரு மாற்றமும் இல்லை, விடுவம் எண்டு கூட நினைச்சன். நாலாம் நாள் பின்னேரம் வாய் இறுகியிருந்தது. அஞ்சாம் நாள் ரோர்ச்சை ஓரமாப் பிடிச்சுப் பாக்க நுனியில முட்டி முட்டியா ஊதியிருந்தது, மெதுவா விரலை வைச்சன், ஒட்டிச்சு. அப்ப மனிசியைக் கூப்பிட்டுக் காட்டினனான், பிள்ளையளும் ஓடி வந்திட்டுதுகள். நல்லா வந்திட்டுது எண்டு அதில நிப்பாட்டேல்லை, ஏழும் போட்டு முடிச்சுத்தான் தொட்டிக்க விட்டனான், பாதியில விட்டா மிஞ்சின கிருமி திரும்பப் பெருகலாம் எண்டு பயம்.

ஏன் ஒரு நட்சத்திரம் குறைச்சனான் எண்டா, இது எல்லாத்துக்கும் மருந்தில்லை, ஆனா கன பேர் அப்பிடித்தான் நினைக்கினம். வெக்கையில பாசி கழண்டு வெள்ளையாப் போன அனிமோனுக்கு சிப்ரோ குடுத்துப் பலனில்லை, அதுக்குத் தண்ணியைக் குளிர வைச்சு இறாலைச் சின்னனா நறுக்கித் தீத்தோணும். மீன்ல வாற வெள்ளைப்புள்ளி வேற, அது பக்ரீரியாவே இல்லை. மச்சான்ர தொட்டியில ரோர்ச் கோரல் எண்ட வகை முருகைக்கு பிரவுண் ஜெலி எண்டு ஒரு வருத்தம் வந்தது, மண்ணிறச் சளி மாதிரித் தசையை மூடிக்கொண்டு போகும், நாத்தம் எடுக்கும், ஒரு இரவில முருகையின்ர ஒரு தலையையே (ஒரு கிளை நுனியில இருக்கிற தசையை) முடிச்சிடும். அந்தச் சளிக்குள்ள பக்ரீரியாவோட சிலியேற் எண்டு ஒற்றைக் கல உயிரும் கூட்டமா நிக்கும், அதுகளை சிப்ரோ நேராக் கொல்லாது. அவர் முதல் சளியைக் குழாயால உறிஞ்சி, அழுகின தலையை வெட்டி எறிஞ்சு, அயடின் தண்ணியில தோய்ச்சு, அதுக்குப் பிறகுதான் சிப்ரோ வாளியில வைச்சவர். மூண்டு தலையில ரெண்டு மிஞ்சினது.

வெளியில கடலிலயும் இதே நிலைமைதான். புளோரிடாவில 2014 இல மயாமிக்குக் கிட்ட கல்லு முருகையளின்ர தசை கழண்டு போற ஒரு நோய் தொடங்கி 20க்கு மேற்பட்ட வகையளைப் பிடிச்சது. அங்க சுழியோடியள் அமொக்சிசிலினை, ஒண்டுக்கு எட்டு நிறைக்கு, அதுக்கெண்டே செய்த ஒரு களிம்போட குழைச்சு, காயத்தின்ர விளிம்பில விரலால பூசிக்கொண்டு போறாங்கள், மருந்து ரெண்டு மூண்டு நாளா மெல்ல மெல்ல இறங்கும். பூசின காயம் கன இடத்தில நிண்டிட்டுது. ஆனா அதே கல்லில வேற இடத்தில புதுக் காயம் வரும், அதால திரும்பத் திரும்பப் போய்ப் பூசோணும். அன்ரிபயோட்டிக்கைக் கடலுக்க விடுறது நல்லதில்லை எண்டுதான் நோயை எதிர்த்து நிக்கிற நல்ல பக்ரீரியாவைப் பூசிற வழியையும் அமெரிக்காவின்ர ஸ்மித்சோனியன் ஆராய்ச்சி நிலைய ஆக்கள் பரிசோதிச்சு 2023 இல வெளியிட்டவை. கடலில அவங்கள் அவ்வளவு கவனமாப் பூசிறதை நாங்கள் வீட்டில சும்மா அள்ளிக் கொட்டினா எப்பிடி?

அந்தத் தண்ணி விசயம் வைத்தியர் கேட்டது சரிதான். எங்கட வளவால போற வாய்க்கால் வயலுக்குத்தான் போகுது. ஏழு நாளும் எடுத்த மருந்துத் தண்ணியை வாய்க்காலுக்க ஊத்தாம பெரிய தட்டையான பாத்திரங்களில விட்டு வெயில்ல வைச்சு, பிறகு குளோரினும் போட்டு, கிணத்துக்கும் வயலுக்கும் தூரமாக் கிடங்கு வெட்டி ஊத்தினனான். வாளி, குழாய் எல்லாம் குளோரின்ல கழுவிக் காயவைச்சு அதுக்கெண்டே ஒதுக்கி வைச்சிருக்கிறன். வாங்கிறவை தனிச் சிப்ரோவா எண்டு பெட்டியில பாத்து வாங்குங்கோ, வேற மருந்து கலந்த குளிசையும் ஒரே மாதிரிப் பேரில வருது.

இப்ப அனிமோன் பழைய இடத்திலயே நிக்குது. மிஞ்சின மீன் முதல் ரெண்டு நாளும் கிட்டப் போகேல்லை, மூண்டாம் நாள் இரவு லைற் நூத்தேக்க பாத்தன், உள்ளுக்க போய்ப் படுத்திட்டுது.