பாதியில் நின்ற பட்டம்: அழகப்பாவா, அமெரிக்காவா?

கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு, திருமணத்தாலோ கடைப் பொறுப்பாலோ நின்றுபோன காரைக்குடிக்காரருக்கு, 1985இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கட்டணம் ரூபாயில், ஐயம் வந்தால் ஒரு ஆட்டோ பிடித்து நேரிலேயே கேட்டுவரலாம். ஆனால் எடுத்த பாடத்திலேயே பட்டம் முடியும்; வணிகவியலில் சேர்ந்தவர் உளவியலை அதே அளவில் சேர்த்துப் படிக்க இயலாது.

வர்ஜீனியாவில் 1971இல் தொடங்கப்பட்ட லிபர்ட்டி போன்ற கிறித்தவப் பல்கலைக்கழகங்கள் இணையவழியில் தரும் பல்துறை இளநிலைப் பட்டம் இதற்கு நேர் மாறானது. பழைய மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டுக்கு அனுப்பினால், ஏற்கப்படும் கிரெடிட்டுகள், அதாவது பாடங்களுக்கான அலகுகள், பட்டத்துக்குத் தேவையான 120இல் கழிந்து, எஞ்சியவற்றை வெவ்வேறு துறைகளிலிருந்து தேர்ந்து முடிக்கலாம். விவிலியப் பாடங்களும் அதில் கட்டாயம் என்பதை, பிள்ளையார்பட்டிக்குப் போய்வந்து விண்ணப்பம் நிரப்புகிறவர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. அங்கே ஞாயிறு நள்ளிரவுக்குக் கெடு என்றால், வளவில் வெயில் இறங்கும் திங்கள் காலை ஒன்பதரை வரை நமக்கு நேரமுண்டு. குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி கூடுதல்.

அரசுப் பணியை எண்ணுகிறவருக்கு நான் அழகப்பாவையே சொல்வேன். வெளிநாட்டு இணையவழிப் பட்டத்துக்கு இங்கே இணைத்தகுதி கிடைக்குமா என்பதை, டாலரில் பணம் கட்டுமுன் எழுத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.