சைவம் முடியும் என்றார்கள், கிம்ச்சியில் இறாலின் கண் இருந்தது

சியோலில் நம் ஊர்ப் பெற்றோரைப் பெரிய கொரிய உணவகத்துக்கு அழைத்துப் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். கொரியாவில் உண்மையை எழுதினாலும் அவதூறு வழக்கு வரலாம் என்பதால் கடையின் பெயரை எழுதப்போவதில்லை. கங்னம் பகுதியில், சொங்தாம்-தோங்கில் இருக்கிறது. பழைய கொரியச் சமையலைப் புதுப் பாணியில் பரிமாறும் இடம். வாசலில் பெயர்ப்பலகை கூடக் கண்ணில் படாது, அவ்வளவு நாகரிகம்.

நான் சியோலுக்குப் பக்கத்து ஊரான சுவோனில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். போன மாதம் அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார்கள். இருவரும் முட்டை கூடத் தொடாதவர்கள். அதனால் முன்பதிவிலேயே கொரிய மொழியில் தெளிவாக எழுதினேன்: இரண்டு பேருக்கு இறைச்சி, மீன், முட்டை எதுவும் கூடாது. 'சேஷிக் கானுங்', அதாவது சைவம் முடியும் என்று பதில் வந்தது. தலைக்கு 50,000 வோன் முன்பணம், மூவருக்கு 1,50,000 கட்டினேன். சாப்பிட்டு முடித்ததும் பில்லில் கழித்துக்கொள்வோம் என்பதும் அதே பதிலில் இருந்தது. இரவுச் சாப்பாடு ஒருவருக்கு 1,80,000 வோன். நம் பணத்தில் ஏறத்தாழ பதினோராயிரம் ரூபாய். அம்மாவிடம் விலையைச் சொல்லவில்லை.

முதலில் வந்த பைன் கொட்டைக் கஞ்சியைக் குறை சொல்ல முடியாது. அம்மா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். அடுத்து ஒரு தெளிந்த சூப், பிறகு கல் சட்டியில் காளான் சோறு, கூடவே வெள்ளைக் கிம்ச்சி, அதாவது உப்பில் ஊறிப் புளித்த கொரிய முட்டைக்கோஸ். மிளகாய் போடாததால் பார்ப்பதற்கு நம் முட்டைக்கோஸ் ஊறுகாய் போல இருக்கும். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கரண்டி நுனியில் எதையோ எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது என்னடா, கண் மாதிரி இருக்கிறது?"

கண்ணேதான். கடுகை விடச் சிறிய கறுப்புப் புள்ளி, அதை ஒட்டிக் கண்ணாடி போன்ற உடல். சேவுஜொட் எனப்படும் உப்பில் ஊறிய குட்டி இறால். கிம்ச்சியில் இதையோ மீன் சாறான எக்ஜொட்டையோ சேர்ப்பது இங்கே வழக்கம். ஏழு ஆண்டுகள் இங்கே குப்பை கொட்டிய எனக்கு அது தெரியாதா? தெரியும். அதனால்தான் முன்கூட்டியே எழுதிக் கேட்டேன்.

பரிமாறியவரை அழைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு மூத்தவரை அழைத்து வந்தார். அவர் குனிந்து வணங்கிவிட்டு, "இறைச்சி எதுவும் சேர்க்கவில்லையே" என்றார். அப்படியானால் சூப்? நெத்திலியும் கடற்பாசியும் கொதிக்க வைத்த சாறு. காளான் சோறும் அதே சாற்றில் வெந்ததுதான். அம்மா எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, மீதி ஒன்றரை மணி நேரமும் தண்ணீர் மட்டும் குடித்தார். அப்பா, "பரவாயில்லை, நீ சாப்பிடு" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு எதுவும் இறங்கவில்லை.

மாற்றித் தரட்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பில் மட்டும் தோல் உறைக்குள் அழகாக வந்தது. மூவருக்கும் முழு விலை 5,40,000. அதன் கீழே 'தனிச் சமையல்' என்று அப்பா, அம்மா இருவருக்கும் ஆளுக்கு 15,000 வீதம் இன்னொரு 30,000. நெத்திலிச் சாற்றில் வேக வைத்ததற்குத் தனிக் கட்டணம்! கொரியாவில் 2013 முதல் மெனுவில் போட்டிருக்கும் விலையே வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்ந்த கடைசி விலையாக இருக்க வேண்டும். டிப்ஸ் வைக்கும் பழக்கமும் இல்லை. இந்த 30,000 மெனுவிலும் இல்லை, பதிவு செய்தபோதும் யாரும் சொல்லவில்லை. முன்பணத்தையும் கழிக்கவில்லை. கேட்டதற்கு, கார்டுக்குத் தானாகத் திரும்பிவிடும் என்றார்கள். பெற்றோர் முன்னால் சண்டை போட மனமில்லாமல் 5,70,000 வோனையும் கட்டிவிட்டு வந்தேன். அது என் தவறு. வீட்டுக்கு வந்து இரவு பதினொரு மணிக்கு அம்மா தயிர்சாதம் பிசைந்தார்.

இரண்டு வாரமாகியும் பணம் வரவில்லை. 1372 என்ற நுகர்வோர் ஆலோசனை எண்ணில் புகார் சொன்னேன். மூன்றாம் நாள் முன்பணம் வந்து சேர்ந்தது, ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லாமல். கொரிய மொழி தெரியாத பயணிகள் சுற்றுலா உதவி எண்ணான 1330-ஐ அழைக்கலாம், ஆங்கிலத்தில் பேசுவார்கள்.

சைவக்காரர்களோடு போகிறவர்கள் 'சேஷிக்' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். மியோல்ச்சி யுக்சு (நெத்திலிச் சாறு), எக்ஜொட், சேவுஜொட் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, 'பேஜுசேயோ', சேர்க்காதீர்கள் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்குங்கள். கூடுதல் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். இல்லையென்றால் ஜோக்யேசா கோயிலுக்கு எதிரே பௌத்த சங்கம் நடத்தும் பல்வூ கோங்யாங்குக்குப் போய்விடுங்கள். அங்கே கோயில் சமையல். மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டு கூடக் கிடையாது. நான் முதலிலேயே அங்கே அழைத்துப் போயிருக்க வேண்டும். சொங்தாம்-தோங் பகட்டு கண்ணை மறைத்துவிட்டது.

அந்த 30,000 இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.