சாய்வு சைக்கிளுக்கு மோட்டார்: பின்சக்கரத்திலா, பெடலடியிலா?

நிமிர்ந்து உட்காரும் சைக்கிள் சமதரையில் 25 கி.மீ. வேகத்தில் ஓட ஏறத்தாழ 150 வாட் வேண்டும். அதில் 110 வாட் வரை காற்றைத் தள்ளவே செலவாகிவிடும். சாய்ந்து படுத்து, காலை முன்னே நீட்டி மிதித்தால் அந்த 110 சுமார் 60 ஆகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மின் உதவிக்கு வரம்பு உண்டு: மோட்டார் 250 வாட், உதவி 25 கி.மீ. வேகம் வரை. இந்தச் சாய்வு வண்டிக்கு அது தாராளம்.

நெதர்லாந்து, வட ஜெர்மனி போன்ற இடங்களில் பன்னிரண்டு மாதமும் வேலைக்குப் போக இரண்டு சக்கரமா மூன்றா என்று யோசிக்கவே வேண்டாம். பனிக்கட்டிமேல் இரண்டு சக்கரம் சறுக்கி விழும். முன்னே இரண்டு, பின்னே ஒன்று என மூன்று சக்கரம் விழாது.

சிக்கல் மோட்டாரில்தான். ஏற்றத்துக்குப் பெடலடி மோட்டாரே (பெடல் அச்சில் பொருத்தி, செயினை இழுக்கும் மோட்டார்) சிறந்தது என்பார்கள். சாதா சைக்கிளில் அது சரி. சாய்வு வண்டியில் செயின் மூன்று மீட்டர் நீளம், அதாவது சாதா செயின் இரண்டுக்கும் மேல். மோட்டாரின் இழுவை முழுவதும் அந்தச் செயின், வழிகாட்டும் சிறு புல்லி, பின் பல்சக்கரம் வழியாகத்தான் போகும். பனி உருகச் சாலையில் தூவிய உப்பும் ஈரமணலும் சேர்ந்தால் புல்லியின் பல் சீக்கிரம் தேயும். இன்னொன்று: கியரைக் குறைக்காமல் சிக்னலில் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது பெரும்பாடு, ஏனென்றால் படுத்தபடி எழுந்து நின்று மிதிக்க முடியாது.

பின்சக்கர ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்திலேயே இருக்கும் மோட்டார், செயினைத் தொடுவதே இல்லை. எந்தக் கியரில் நின்றாலும் வண்டியைக் கிளப்பிவிடும். ஆனால் வாங்கும்போது சுற்றெண்ணைப் பாருங்கள். 26 அங்குலச் சக்கரத்துக்கான 200 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 200 சுற்று) மோட்டாரை 20 அங்குலச் சக்கரத்தில் மாட்டினால் 18 கி.மீ.க்கு மேல் இழுக்காது. 25 கி.மீ. வேகத்துக்கு 280 தேவை. 12 சதவீத ஏற்றத்தில் வேகம் 7 கி.மீ.க்கு இறங்கினால் மின்சாரம் இழுவையாகாமல் சூடாகும், உள்ளிருக்கும் நைலான் பல்சக்கரம் இளகும். அப்படிப்பட்ட மலையூர்க்காரர் பெடலடி மோட்டாரையே வாங்கட்டும். பஞ்சர் பார்ப்பதும் ஹப்பில் கொஞ்சம் எரிச்சலான வேலை: வயர் இணைப்பையும், அச்சு சுழலாமல் பிடிக்கும் டார்க் ஆர்மையும் கழற்ற வேண்டும்.

பனியில் பின்சக்கரம் வெறுமனே சுற்றும், காரணம் எடையில் பெரும்பங்கு முன்னே இருக்கிறது. பேட்டரியை இருக்கைக்குப் பின்னால் தாழ வைத்து, பின்சக்கரத்துக்காவது ஆணி டயர் போடுங்கள். போக வர 40 கி.மீ.க்கு 36 வோல்ட், 14 ஆம்பியர் மணி போதும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் கெட்டுவிடும். வீட்டுக்குள் கொண்டுபோய் ஏற்றவும்.

உடல் முழுக்க மூடிய வெலோமொபைலில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அதில் செயின் கூட்டுக்குள் ஓடுவதால் உப்பும் மணலும் அண்டாது, ஆகவே பெடலடி மோட்டார் அங்கே பொருந்தும். அந்த வண்டி சமதரையில் கால்பலத்திலேயே 25 கி.மீ.யைத் தாண்டி ஓடும். மோட்டாருக்கு வேலை கிளம்பும்போதும் ஏற்றத்திலும்தான், அதற்குப் பாதி பேட்டரியே போதும்.