வயதானவர்களுக்கான பேலன்ஸ் பயிற்சி: சில வருடங்கள் செய்து பார்த்த அனுபவம்

எழுபதைத் தாண்டிவிட்டேன். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பேலன்ஸ் பயிற்சிகளைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். என் வயதுக்காரர்கள் வழக்கமாகக் கேட்பது, "தினமும் நடக்கிறேனே, அது போதாதா?" போதாது என்பதுதான் என் பதில். நடை நெஞ்சுக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் சமதரையில் நேராக நடக்கும்போது உடம்புக்குத் தடுமாற வாய்ப்பே வருவதில்லை. கொஞ்சம் தடுமாறி, அதிலிருந்து மீண்டு நின்றால்தான் பேலன்ஸ் வளரும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, உடற்பயிற்சி செய்யும் முதியவர்கள் கீழே விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது என்கிறது. நடைப்பயிற்சி மட்டும் விழுவதைக் குறைக்கும் என்று அதில் உறுதியாகச் சொல்லப்படவில்லை.

முதல் நாள் பயிற்சி எதுவும் இல்லை, சோதனைதான். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று கணக்கு. ஆனால் பிசியோதெரபிஸ்ட் கடிகாரத்தைவிட நான் திரும்பும் விதத்தைத்தான் கூர்ந்து கவனித்தார். அந்த இடத்தில் மட்டும் என் கால்கள் குட்டிக் குட்டி அடிகளாக வைத்தன. பிறகு படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். தூக்க மாத்திரை போடுகிறேனா என்றும் கேட்டார். இதையெல்லாம் கேட்காமல் நேராகப் பயிற்சியில் இறக்கிவிடுபவரிடம் போகாதீர்கள்.

நாம் விழாமல் நிற்க மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். தடித்த நுரைத் திண்டின் மேல் கண்ணை மூடி நிற்க வைத்தபோது என் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. நான் முழுக்கக் கண்ணை நம்பியே நின்றுகொண்டிருந்திருக்கிறேன். இரவில் விளக்கு இல்லாமல் எழுந்து போகும்போது மட்டும் ஏன் தள்ளாடியது என்பதற்கு அதுதான் காரணம். அதனால் எனக்கு வந்த முதல் பயிற்சி, அறையின் மூலையில் முதுகைக் காட்டி, எதிரே ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து, கண்ணை மூடி நிற்பது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சுவரோ நாற்காலியோ தாங்கிக்கொள்ளும்.

இவ்வளவு காலத்தில் நான் புரிந்துகொண்ட முக்கியமான விஷயம் பிடிமானத்தைக் குறைப்பதில்தான் இருக்கிறது. சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்கினேன். அப்புறம் ஒரு கை, அப்புறம் விரல் நுனிகள், அப்புறம் ஒரே ஒரு விரல். அந்த ஒற்றை விரல் கட்டத்தில் குனிந்து பாதத்தைப் பார்க்காமலேயே அது செய்யும் வேலை தெரியும். கணுக்கால் இடமும் வலமும் துடிக்கும், விரல்கள் தரையைக் கவ்வும், பாதத்தின் மேல்பக்கத் தசைநாண்கள் புடைக்கும். அந்தத் துடிப்பு வந்தால் சரியான அளவில் செய்கிறோம் என்று அர்த்தம். ஆடாமல் அசையாமல் நிற்க முடிகிறது என்றால் அந்தப் பயிற்சி உங்களுக்கு எளிதாகிவிட்டது, அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

வீட்டுப் பயிற்சிக்கு எனக்குக் கொடுத்தது ஒடாகோ முறை. 1990-களில் நியூசிலாந்தில் உருவானது. கணுக்காலில் எடை கட்டிக் காலைத் தூக்குவது, குதிகாலை உயர்த்தி நிற்பது, ஒரு காலின் நுனிக்கு முன்னால் மறுகாலின் குதிகாலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது என்று போகும். வாரத்துக்கு மூன்று நாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் இதில் உண்டு. அதைவிடச் சலிப்பான பயிற்சி வேறில்லை, அதைவிட உபயோகமானதும் எனக்கு வேறில்லை. தொடைக்கு வலு வந்தபிறகு தாழ்வான இருக்கைகளைக் கண்டு தயங்குவது நின்றுபோனது.

நடந்துகொண்டே 100-லிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். விளையாட்டுப் போலத் தோன்றும், செய்து பார்த்தால் கால் தானாக மெதுவாகும். பேசிக்கொண்டே நடக்கும்போது நமக்கு நடப்பது இதுதான், ஆகவே இதை விட்டுவிடாதீர்கள். இடுப்பில் பட்டை கட்டித் திடீரென்று லேசாகத் தள்ளி, நாமே ஓர் அடி எடுத்து வைத்துச் சமாளிக்க வைக்கும் பயிற்சியும் அருமையானது. ஆனால் அது பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான். ஏறி நின்றால் இப்படியும் அப்படியும் ஆடும் ஆட்டப் பலகை வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தனியாக வீட்டில் அதில் ஏறுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

படுக்கையில் புரளும்போது அறையே சுழல்கிறது என்றால் அது வேறு சமாச்சாரம். உள்காதில் சிறு துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிப் படுக்க வைத்தே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள். முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் காய்ச்சலில் படுத்துச் சில வாரம் விட்டுப்போனபோது, நேர்கோட்டு நடைதான் முதலில் கையை விட்டுப் போனது. திரும்பவும் சுவரோரமாகத் தொடங்கி மீட்டேன். இப்போது தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே நடப்பதைப் பழகுகிறேன். சாலையைக் கடக்க அதுதான் தேவைப்படுகிறது.