விசிறி இறுகாமல் காக்கும் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ்

பாம்பன், மண்டபம் கரையில் அவுட்போர்டு (பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) மாட்டிய ஃபைபர் வள்ளம் வைத்திருப்பவர்களுக்கு விசிறி, அதாவது தண்ணீரைத் தள்ளி வள்ளத்தை ஓட்டும் புரொப்பல்லர், அதைச் சுழற்றும் ஷாஃப்ட்டில் (தண்டில்) இறுகிப்போகாமல் இருக்க இந்தக் கிரீஸை உறுதியாகச் சொல்லலாம். லாரி பேரிங்குக்குப் போடும் சாதாரண லித்தியம் கிரீஸை உப்புத்தண்ணீர் இதைவிடச் சீக்கிரம் கழுவிவிடும். கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் ஈரத்திலும் உலோகத்தை விடாமல் பிடித்திருக்கும்; துருவையும் தடுக்கும்.

பூசும் முறைதான் முக்கியம். விசிறியைக் கழற்றி, ஷாஃப்ட்டின் பல்வரிகளில் இருக்கும் பழைய கிரீஸை மண்ணெண்ணெயால் சுத்தமாகத் துடையுங்கள். ஒத்துவராத இரண்டு வகைக் கிரீஸ் கலந்தால் இளகி ஒழுகிவிடலாம். பள்ளங்கள் நிரம்பும் அளவு பூசினால் போதும். விசிறிக்குப் பின்னால் நைலான் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். அது தண்ணீரைத் தடுக்கும் ஆயில் சீல் வளையத்தை அறுத்தால் தண்ணீர் உள்ளே புகுந்து கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்துவிடும். விசிறியின் நட்டு கழலாமல் பூட்டும் ஸ்ப்ளிட் பின்னை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் போட வேண்டும்.

செம்புத்தூள் கலந்த கிரீஸ் வேண்டவே வேண்டாம். உப்புநீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் போகும்.

விசிறி ஏற்கெனவே இறுகிவிட்டதா? துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். இதழில் சுத்தியல் படக்கூடாது, ஷாஃப்ட் வளையும். தீ காட்டினால் விசிறியின் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் வெந்துவிடும். புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு இழுப்பதே சரி.

இந்தக் கிரீஸில் ஒரே குறை, அது வரும் டின். கரையில் மூடியைத் திறந்தால் மணல் விழுகிறது. மணல் கலந்த கிரீஸ் அரம் மாதிரி தேய்க்கும். டியூப் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.