ஏரோ பார்: ஆறு மாதம் படுத்து ஓட்டிய பிறகு

காற்றுத் தடை குறைய முன்னால் சாய்ந்து படுத்து ஓட்டுவதற்காக, ரோடு சைக்கிளின் ஹேண்டில்பார் மேல் இரண்டு கொம்புபோல மாட்டும் ஏரோ பார் இது. அலுமினியக் குழாய் இரண்டு, 31.8 மி.மீ. பாருக்கான கிளாம்ப், முழங்கை ஊன்ற இரண்டு திண்டு. சாமான் அவ்வளவுதான்.

1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள், கிரெக் லெமாண்ட் முதலிடத்தில் இருந்த ஃபிஞோனைவிட 50 விநாடி பின்தங்கியிருந்தார். இதுமாதிரி பாரில் கையை நீட்டிப் படுத்து 24.5 கி.மீ. ஓட்டினார், மொத்தப் பந்தயத்தையும் 8 விநாடியில் ஜெயித்தார். தோற்ற ஃபிஞோன் தலையில் ஹெல்மெட்கூட இல்லை, குடுமி பறந்துகொண்டிருந்தது. அந்தக் குடுமிதான் என்னை வாங்க வைத்தது.

முதல் வாரம் பைசா பிரயோஜனமில்லை. பிறகு ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லிப் பார்த்தால், முழங்கை இரண்டும் அகலக் கிடக்கின்றன, தலை ஆமைபோல நிமிர்ந்திருக்கிறது, தொளதொள ஜாக்கெட் முதுகில் பலூனாக உப்பியிருக்கிறது. காற்றோடு மோதுவதில் சைக்கிளின் பங்கு கொஞ்சம்தான், பெரும்பங்கு நம் உடம்பு. திண்டுகளை உள்ளே தள்ளி, தோளைக் குறுக்கி, ஒட்டிய ஜெர்சி போட்டதும்தான் கணக்கு மாறியது. ஒரே நேர்ச் சாலையில், காற்று ஒரு பக்கம் உதவி மறுபக்கம் கெடுக்குமே என்று போகவும் வரவும் ஓட்டி, மிதிக்கும் பவரை அளக்கும் பவர் மீட்டரில் 200 வாட் பிடித்துப் பார்த்தேன். பிரேக் பிடியில் கை வைத்து 33 கி.மீ. வேகம், ஏரோ பாரில் 35. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் வேகம் இரட்டித்தால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய பவர் எட்டு மடங்கு. அந்த 2 கிலோமீட்டரைக் காலால் சம்பாதிக்க நான் இன்னும் முப்பது வாட்டுக்கு மேல் மிதிக்க வேண்டும்.

இனி குறை. திண்டின் வெல்க்ரோ வியர்வையில் ஊறி மூன்றாம் மாதமே உரிந்தது. அதைவிட மோசம், ஒரு குண்டுகுழியில் வலது கொம்பு சரேலெனக் கீழே இறங்கியது. முழு எடையும் அதன்மேல்! எப்படியோ விழாமல் தப்பித்தேன். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கூட வந்த தாளில் ஒரு வரி இல்லை. கம்பெனிக்கு எழுதினால் “இன்னும் இறுக்குங்கள்” என்று பதில். கார்பன் ஹேண்டில்பார்காரர்கள் அந்தப் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள், நொறுங்கிவிடும். நான் இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கிக்கொண்டேன்.

கழுத்து பழக ஒரு மாதம் ஆனது. பக்கக் காற்றில் முன்சக்கரம் ஆடும்போது வயிறு கலங்கத்தான் செய்கிறது. கூட்டமாகப் போகையில் தொடுவதே இல்லை, ஏனென்றால் பிரேக் எட்டாது. தவிர, முன்னால் போகிறவர் முதுகே காற்றைத் தடுத்துவிடும்.

தனியாக, சமதளத்தில், நீண்ட தூரம் ஓட்டுகிறவர் வாங்கலாம், திண்டுக்கு மாற்று வெல்க்ரோவும் சேர்த்து. மேடு ஏறப் போகிற நாளில் நான் கழற்றி வைத்துவிடுகிறேன். நான்கு போல்ட், ஐந்து நிமிட வேலை.